ஞானத்தின் சராசரிக் கணக்கு

ராயபுரம்
ஜனவரி 19

டெபோரா டீச்சரம்மாவுக்கு எதிர்வீட்டு ஜார்ஜ் எழுதுவது.

நீங்களும் வயிற்றிலிருக்கும் குட்டி டீச்சரும் சௌக்கியமா? பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனவர்கள் மாங்காய் கேட்பார்கள், ஊறுகாய் கேட்பார்கள். நீங்கள் கணக்குத் தாள் கேட்கிறீர்கள். நாசரேத் தண்ணீர் அப்படிப் போல.

வாரா வாரம் எல்லாருடைய தாளையும் கவரில் போட்டு அனுப்பச் சொன்னீர்கள். போனில் விடையைச் சொன்னால் போதாதா என்றேன். விடை வேண்டாம், வந்த வழி வேண்டும், அது பேப்பரில்தான் தெரியும் என்றீர்கள். என் காதுக்கும் என் பட்டன் போனுக்கும் ஆகாது என்பதால் நானும் ஒத்துக்கொண்டேன். முப்பது வருஷம் துறைமுகத்தில் சுமை தூக்கும் வின்ச் ஓட்டின கை. பேனாவைப் பிடித்தால் எழுத்து கண்டெய்னர் மாதிரி தொப்பென்று இறங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வகுப்பு எடுத்த ஹாலுக்கு எல்லாரும் ஒழுங்காக வருகிறார்கள். பத்தாவதைத் தனியாக எழுதுகிறவர்களுக்கு நடுவில் நாலாவதோடு நின்ற நான் எதற்கு லீடர் என்று எனக்கே தெரியவில்லை. நான் வந்தது ஃபேன் காற்றுக்கு. நீங்கள் அச்சடித்துக் கொடுத்த எண் பாடங்களை நான்தான் சத்தமாகப் படிக்கிறேன்: காரணி, பின்னம், மைனஸ் எண், சராசரி. அல்ஜீப்ரா இப்போது வேண்டாம், அஸ்திவாரத்தை மறுபடி கொத்துங்கள் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். கொத்துகிறோம்.

ஒரு சந்தேகம். ஒன்று என்பது பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை என்று போட்டிருக்கிறீர்கள். பிறகு அது யார்? எந்தச் சங்கத்திலும் சேர்க்காமல் தெருவில் நிறுத்திவிட்டீர்களே, பாவம் இல்லையா?

சிரிப்பு போகட்டும். ஞானம் விஷயம்தான் பேஜாராக இருக்கிறது. காசிமேட்டில் நண்டு பிரிக்கிறாளே, அவள்தான். மற்ற பாடமெல்லாம் பாஸாகி கணக்கில் மட்டும் இரண்டு தடவை போனவள். ஐஸில் கிடந்து கிடந்து அவள் விரல் எல்லாம் வெடித்துப்போயிருப்பது உங்களுக்குத் தெரியும். இனிமேல் ஐஸில் கை வைத்தால் விரலே போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். எண்ணூர்ப் பக்கம் மீன் பேக்கிங் கம்பெனி ஒன்று வருகிறது. சூப்பர்வைசர் வேலை தருகிறார்கள், ஐஸைத் தொட வேண்டியதில்லை. பத்தாவது பாஸ் சர்ட்டிபிகேட்டை ஜூனுக்குள் காட்ட வேண்டும். ஆக, இந்த ஏப்ரல்தான் அவளுக்கு.

அவள் தாளை மேலே வைத்திருக்கிறேன். பாருங்கள். மனக்கணக்கில் அவளை அடிக்க ஆளில்லை. ஆனால் சராசரி ஒன்றுகூடச் சரியில்லை.

இப்படிக்கு,
ஃபேனுக்கு வரும் ஜார்ஜ்


நாசரேத்
ஜனவரி 27

அன்புள்ள ஜார்ஜ் அங்கிள்,

தாள்கள் கிடைத்தன. டாக்டர் படுக்கையை விட்டு எழக்கூடாது என்கிறார். கணக்குத் திருத்தக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. அதனால் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றைத் தெருவில் நிறுத்தவில்லை. பகா எண்ணுக்குச் சரியாக இரண்டு காரணிகள் வேண்டும், ஒன்றும் தானுமாக. ஒன்றுக்கு இருப்பதே ஒரு காரணிதான். சங்கத்தில் சேர ஒரு ஆள் குறைகிறது, அவ்வளவே.

ஞானம் அக்காவின் தாளை நான்கு முறை பார்த்தேன். இப்படி ஒரு தவறை இதற்குமுன் கண்டதில்லை. 12, 15, 18, 9, 6 ஆகியவற்றின் சராசரி கேட்டிருந்தேன். 60 என்று சரியாகக் கூட்டியிருக்கிறார். பிறகு ஐந்தால் வகுக்காமல் நான்கால் வகுத்து 15 என்று எழுதியிருக்கிறார். கவனக்குறைவு என்று நினைத்தேன். அடுத்த கணக்கில் நான்கு எண்கள், மூன்றால் வகுத்திருக்கிறார். 12-இன் காரணிகளை 1, 2, 3, 4, 6, 12 என்று ஒன்று விடாமல் வரிசையாக எழுதிவிட்டு, பக்கத்தில் ‘மொத்தம் 5’ என்கிறார். மைனஸ் இரண்டிலிருந்து மூன்று வரை முழுக்கள் எத்தனை என்றாலும் அப்படித்தான், ஆறுக்கு ஐந்து.

கூட்டல் சரி. வகுத்தல் சரி. எண்ணுவது மட்டும் எப்போதும் ஒன்று குறைகிறது. கூடினதே இல்லை. தெரியாமல் செய்கிறவர்கள் இவ்வளவு ஒழுங்காகத் தப்புச் செய்ய மாட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை, அங்கிள். அந்த ஒன்று எங்கே போகிறது?

கண்டுபிடித்துச் சொல்லுங்கள். தயவுசெய்து அவரைக் கிண்டல் செய்யாதீர்கள்.

டெபோரா


ராயபுரம்
பிப்ரவரி 4

டீச்சரம்மா,

கிண்டல் செய்யாதே என்று என்னிடம் சொல்வது, கடலிடம் நனைக்காதே என்று சொல்வது போல. இருந்தாலும் முயற்சி செய்தேன்.

முதலில் கண் கோளாறோ என்று பார்த்தேன். ஹாலில் ஆறு வாழைப்பழத்தை வரிசையாக வைத்து எத்தனை என்றேன். பார்த்ததும் ஆறு என்று சொல்லி ஒன்றை உரித்தும் தின்றுவிட்டாள். பிள்ளைகள் எத்தனை என்றேன். மூணு, இன்னா நைனா திடீர்னு குடும்பக் கட்டுப்பாடு ஆபீசரு ஆயிட்டியா என்று கேட்டாள். அங்கேயும் ஒன்றும் குறையவில்லை.

சரி, வேலை செய்யும் இடத்தில் பார்ப்போம் என்று விடியற்காலையில் காசிமேடு போனேன். அந்தக் கலீஜில் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நடந்தது உங்களுக்காகத்தான். ஞானம் கூடையைக் கவிழ்த்து நண்டை வரிசை பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்து எண்ணிப் போட்டாள். நான் மீன் வாங்க வந்தவன் மாதிரி பின்னால் நின்றேன்.

முதல் நண்டை எடுத்தாள். அதைக் கூடையில் போடவில்லை. பக்கத்திலிருந்த பச்சை வாளியில் போட்டாள். வாய் ஏதோ முணுமுணுத்தது. இரண்டாவது நண்டைக் கூடையில் போட்டு ‘ஒண்ணு’ என்றாள். அடுத்தது ‘ரெண்டு’. அந்தக் கூடை முடிந்து புதுக் கூடை. மறுபடியும் முதல் நண்டு வாளிக்கு.

பக்கத்தில் போய் அது இன்னா என்று கேட்டேன். ராயப்பருக்கு என்றாள், நீங்கள் பேதுரு என்பீர்களே, அந்தப் புனிதருக்கு. அவள் மாமியார் வீட்டு வழக்கமாம். எண்ண ஆரம்பிக்கும்போது முதலாவது அவருடையது. அதை எண்ணக்கூடாது. கல்யாணமாகி வந்த மறுநாளிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான் எண்ணுகிறாளாம்.

அங்கேயே என் சட்டைப் பையிலிருந்து உங்கள் கணக்குத் தாளை எடுத்து நீட்டினேன். இந்த எண்ணெல்லாம் எத்தனை, எண்ணிச் சொல்லு என்றேன். நண்டு பிடித்த விரலாலேயே ஒவ்வொன்றாகத் தொட்டாள். முதல் எண்ணைத் தொட்டபோது உதடு மட்டும் அசைந்தது. இரண்டாவதைத் தொட்டபோது ‘ஒண்ணு’ என்று சத்தம் வந்தது.

அவளுக்கே தெரியவில்லை, டீச்சரம்மா. பழம், பிள்ளை எல்லாம் பார்த்ததும் தெரிந்துவிடுகிறது. விரல் வைத்து எண்ணினால்தான் ராயப்பர் வந்து வரிசையில் முதல் ஆளாக நிற்கிறார். உங்கள் ஒன்று எங்கே போகிறது என்று கேட்டீர்களே, பச்சை வாளிக்குப் போகிறது.

தாளில் மீன் நாற்றம் அடித்தால் அது என்னால் இல்லை.

ஜார்ஜ்


நாசரேத்
பிப்ரவரி 12

அன்புள்ள அங்கிள்,

உங்கள் கடிதத்தைப் படித்து நான் கத்தின கத்தலில் அம்மா வலி வந்துவிட்டதென்று ஆட்டோவுக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள்.

காரணம் தெரிந்துவிட்டது, இனி எளிது. முதல் எண்ணையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று அவரிடம் சொல்லுங்கள். பேதுரு பரீட்சை ஹாலில் வந்து உட்கார மாட்டார். விடைத்தாளில் ஒரு புனிதருக்குப் பங்கு ஒதுக்குவதெல்லாம் மூடநம்பிக்கை. படித்து வேலைக்குப் போக நினைக்கிறவர் இதையெல்லாம் விட வேண்டும். அவருக்கு இன்னும் எட்டு வாரம்தான் இருக்கிறது.

ஒரேயடியாக விட முடியாவிட்டால் இப்படிச் செய்யலாம். எண்களை எண்ணும் முன் சைபர் என்று சொல்லட்டும். அதுதான் பேதுருவின் இடம் என்று வைத்துக்கொள்ளட்டும். அதன்பின் முதல் எண்ணைத் தொட்டு ஒன்று என்று ஆரம்பிக்கட்டும். ஸ்கேல் சைபரில்தானே ஆரம்பிக்கிறது? கணக்குப்படி இது மிகவும் சரி.

டெபோரா


ராயபுரம்
பிப்ரவரி 20

டீச்சரம்மா,

உங்கள் கடிதத்தை ஹாலில் எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்தேன். லீடர் வேலை அதுதானே? மூடநம்பிக்கை என்ற இடத்தில் கொஞ்சம் ராகம் போட்டும் படித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். ஞானம் சிரிக்கவில்லை.

சைபர் கணக்கைச் சொன்னேன். அவள் எழுந்து நின்றுவிட்டாள். என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“இத்தினி நாளு தெரியாம எண்ணுனேன், அது வேற. இப்ப தெரிஞ்சு அத்த ஒண்ணுன்னு எண்ணுனா, அவரு கையில குடுத்தத நானே புடுங்கினு வர்ற மாதிரி. எங்க வூட்டுக்காரரு புயல் நேரத்துல கடலுக்குப் போயி ஒவ்வொரு தபாவும் வூட்டுக்கு வந்துகினு கீறாரு. அது யாரால? அவர சைபருன்றீங்களே நைனா.”

தாள்களை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். நாலு நாளாக ஹாலுக்கு வரவில்லை.

எனக்கும் உங்கள் மேல் வருத்தம்தான். எங்கள் பேட்டைக்கே அவர் பேர்தான். ராயப்பர் இல்லாவிட்டால் ராயபுரம் ஏது? உங்கள் ஊர்க் கோயிலில் புனிதர் சுரூபம் கிடையாது, மெழுகுவர்த்தி கிடையாது, சரி. அதற்காக எங்கள் ஆளை ஸ்கேலில் கட்டிப்போட வேண்டுமா? நான் கிண்டல்காரன். ஆனால் இது எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

இந்த வாரம் ஞானத்தின் தாள் இல்லாமல் கவர் மெலிந்திருக்கிறது.

ஜார்ஜ்


நாசரேத்
மார்ச் 3

அன்புள்ள அங்கிள்,

ராகம் போட்டுப் படித்தது நீங்கள், எழுதினது நான். பாதிப் பாதி வைத்துக்கொள்வோம்.

உங்கள் கடிதம் வந்த அன்று அப்பா தோட்டத்திலிருந்து முருங்கைக்காய் கொண்டுவந்தார். புது மரம். முதல் காய்ப்பு. நான் சாம்பாருக்குக் கேட்டேன். தர மாட்டேன் என்றார். முதல் காய்ப்பு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டும், அங்கே ஏலம் விடுவார்கள், அவரே அதை இரண்டு பங்கு விலைக்கு ஏலம் எடுத்து வருவார், அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் சாம்பார். என் சின்ன வயதிலிருந்து இப்படித்தான். அது ஒரு வழக்கம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. அவசரத்துக்கு ஒரு காயை எடுத்து வெட்டு என்று அம்மா சொன்னாலும் என் கை போகாது.

அதனால் நான் எழுதின அந்த வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அக்காவிடம் இந்தக் கடிதத்தைத் தனியாகக் கொடுங்கள். ராகம் வேண்டாம்.

ஆனால் ஐந்தை நான்கு என்று எழுதினால் மார்க் போடுகிறவர் ஒத்துக்கொள்ள மாட்டார். அதை என்னால் மாற்ற முடியாது. இந்த வழக்கம் அவர் மாமியார் வீட்டுடையது என்றீர்கள். அப்படியானால் அதன் விதி என்ன என்று சொல்ல வேண்டியவரும் அந்த மாமியார்தான். நீங்களோ நானோ இல்லை. ஒரு தடவை அவரைப் போய்க் கேட்க முடியுமா? என்ன சொல்வார் என்று தெரிந்துகொள்ள எனக்கே ஆசையாக இருக்கிறது.

டெபோரா


ராயபுரம்
மார்ச் 14

டீச்சரம்மா,

முருங்கைக்காய்க் கடிதத்தை ஞானத்திடம் கொடுத்தேன். காசிமேட்டிலேயே நின்றுகொண்டு படித்தாள். சொந்தக் காயைச் சொந்தக்காரரே இரண்டு பங்கு விலைக்கு வாங்குவாரா என்று மூன்று தடவை கேட்டாள். அப்புறம், டீச்சரு வூட்லயும் நம்மள மாதிரி தான் போல என்றாள். கோபம் அங்கேயே இறங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவள் காசிமேட்டு வேலை முடிந்ததும் நானும் அவளும் நெட்டுக்குப்பம் போனோம். மாமியார் கிழவி அங்கே பெரிய மகனோடு இருக்கிறாள். பெயர் மரியபுஷ்பம், வாய் புஷ்பம் இல்லை. அனல் மின்நிலையப் புகையைப் பார்த்துக்கொண்டு நண்டு ரசம் குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது.

நான் விஷயத்தைச் சொன்னேன். கூடைக்குக் கூடை முதல் நண்டு வாளிக்குப் போவதை, கணக்குத் தாளிலும் போவதை, பரீட்சையை, கம்பெனியை, எல்லாம். கிழவி ரசத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“கூடைக்கு ஒண்ணா? யாருடி உனக்கு சொன்னது? ஒரு நாளைக்கு ஒண்ணு. அன்னிக்கு மொத தபா கைய வெக்கிறே பாரு, அதுல மொதல்ல வர்றது. அவ்ளோதான். அவரு இன்னா கந்துவட்டிக்காரரா, கூடைக்கு கூடை வந்து நிக்கிறதுக்கு?”

ஞானம் ஆடிப்போய்விட்டாள். இருபத்திரண்டு வருஷமாக வாளி நிறைய இங்கேதானே அனுப்புகிறேன், ஒரு நாளாவது சொல்லக்கூடாதா என்றாள். கிழவி டம்ளரைப் பார்த்துக்கொண்டே, வந்துச்சு, நானும் கேக்கல என்றாள். நான் டம்ளரைக் காலி செய்துவிட்டு இன்னொன்று கேட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஞானத்துக்கு ஜன்னலோர சீட். ஜன்னல் கம்பியைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். முதல் கம்பியிலேயே ‘ஒண்ணு’ என்று சத்தம் வந்தது. அடுத்த தடவை வரவில்லை. மறுபடி வந்தது. திருவொற்றியூர் தாண்டுவதற்குள் ஒழுங்காகிவிட்டது.

இதோ, அவளுடைய தாள். எல்லாச் சராசரியும் சரி. 12-இன் காரணிகள் ஆறு. கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாள் பாருங்கள்.

நீங்கள் எப்போது பெறப்போகிறீர்கள்? அதற்கும் சராசரி போட வேண்டுமா?

ஜார்ஜ்


ராயபுரம்
ஏப்ரல் 9

டீச்சரம்மா,

பெண் குழந்தை என்று உங்கள் வீட்டுக்காரர் ஹாலுக்கு வந்து லட்டு கொடுத்தார். வாழ்த்து. உங்களைப் போல அல்லாமல் நன்றாகத் தூங்கட்டும்.

கணக்குப் பரீட்சை முடிந்தது. நான் ஸ்கூல் வாசலில் இளநீர்க்காரர் பக்கத்தில் நின்றேன். எனக்குப் பரீட்சை இல்லாவிட்டாலும் மூன்று இளநீர் குடித்துவிட்டேன். ஞானம் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். சராசரி சம்பந்தமாக ஒரு பெரிய கணக்கு வந்ததாம். அதில் எண்கள் எத்தனை என்று விரல் வைத்து எண்ணி, முதலாவதிலேயே ஒன்று என்று ஆரம்பித்தாளாம். எனக்கு அப்படியே அவளைத் தூக்கிச் சுற்றலாம் போலிருந்தது. முழங்கால் விடவில்லை.

கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். ஒரு மார்க் கேள்விகளில் எல்லாவற்றுக்கும் பென்சிலால் டிக் இருந்தது. முதல் கேள்விக்கு மட்டும் இல்லை. இது தெரியலையா என்றேன்.

தெரியும் என்றாள். படித்த உடனே தெரிந்ததாம். ஆனால் அன்றைக்கு அவள் காசிமேட்டுக்குப் போகவில்லை. காலையிலிருந்து எதையும் எண்ணவில்லை. முதன்முதலில் கை வைத்தது அந்தக் கேள்வித்தாளில்தான். மாமியார் சொன்ன விதிப்படி அன்றைக்கு முதலில் வந்தது அது. அதனால் விடைத்தாளில் ஒன்று என்று நம்பர் போட்டு, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டாளாம்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இளநீர்க்காரர் தண்ணீர் தெளிக்க வந்துவிட்டார்.

கோபப்படாதீர்கள். பால் குடிக்கிற குழந்தைக்கு ஆகாது.

ஜார்ஜ்


நாசரேத்
ஏப்ரல் 18

அங்கிள்,

பச்சை உடம்புக்காரி படிக்கவும் எழுதவும் கூடாது என்று அம்மா பேனாவை ஒளித்துவைத்திருக்கிறார்கள். அப்பாவின் பேனாவால் எழுதுகிறேன்.

கோபம் வந்தது. குழந்தை தூங்கினதும் அதுவும் போய்விட்டது. இரண்டு தடவை ஃபெயிலானதும் இரண்டு, மூன்று மார்க்கில் என்பது அவருக்குத் தெரியும். ஒரு மார்க் என்றால் என்னவென்று அந்த ஹாலில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். தெரிந்தே விட்டிருக்கிறார்.

அவர் எனக்குப் போனில் சொன்ன விடைகளை வைத்து மார்க்கைக் கூட்டிப் பார்த்தேன். முப்பத்து மூன்றிலிருந்து முப்பத்தெட்டுக்குள் வருகிறது. எங்கே நிற்கும் என்று தெரியவில்லை. முப்பத்து நான்கில் நின்றால் அந்த முதல் கேள்வியை என்னால் மறக்க முடியாது.

ரிசல்ட் வந்த அன்றே எழுதுங்கள்.

டெபோரா


ராயபுரம்
மே 17

டீச்சரம்மா,

முப்பத்தாறு.

ஞானம் பாஸ். நெட் சென்டர் பையன் படித்துச் சொன்னபோது அவள் நம்பவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு கடைக்கு வெளியே வந்து, வெடித்த விரல்களால் முகத்தை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். அவளைக் கிண்டல் செய்ய எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. எனக்கு இப்படி ஆனதே இல்லை, டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சர்ட்டிபிகேட் வந்ததும் கம்பெனியில் காட்டுவாள். ஜூனில் சேரச் சொல்லியிருக்கிறார்கள்.

சாயங்காலம் ஹாலுக்கு வந்தாள். நான் கேட்டே விட்டேன். முப்பத்து நாலில் நின்றிருந்தால் இன்னா பண்ணியிருப்பே, அந்த ஒரு மார்க்காலதானே எல்லாம் போயிருக்கும் என்றேன். போயிருக்கும் என்றாள். அழுதிருப்பேன் என்றாள். பிறகு இதையும் சொன்னாள்:

“ஆனா நைனா, பாஸாவுறதுக்குப் போக மிச்சத்த குடுத்தா அதுக்குப் பேரு பங்கா?”

இதற்கு நான் இன்னா பதில் சொல்வது? நாலாவது படித்தவன். நீங்கள் வந்து சொல்லுங்கள்.

இப்போது என் கவலை வேறு. அந்த முதல் கேள்வியின் விடை என்ன என்று ஒரு மாதமாகக் கேட்கிறேன். ஞானம் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். அது அவருடையதாம், எடுத்துச் சொல்ல இவளுக்கு உரிமை இல்லையாம். நானே போட்டுப் பார்த்தேன். கொடுத்திருக்கிற நாலு விடையில் இரண்டாவதா மூன்றாவதா என்று இழுத்துக்கொண்டே இருக்கிறது. ராத்திரி தூக்கம் வரவில்லை. கேள்வித்தாளை இதோடு வைத்திருக்கிறேன். விடையை மட்டும் எழுதாதீர்கள், வந்த வழியையும் எழுதுங்கள்.

ஜார்ஜ்